நாலு முதல் பரிசு

அம்மா எந்தத் தொடரையும் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். சமையலறை வாசலில் ஒரு தோளைச் சாய்த்து, கையில் ஏதாவது ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு, இதோ உள்ளே போய்விடப் போகிறவள் மாதிரி நிற்பாள். கேட்டால், "இதெல்லாம் வேலையத்தவங்க பார்க்கிறது" என்பாள். ஆனால் கதாநாயகியின் சித்தி மகன் வீட்டை விட்டு ஏன் போனான், யார் பேச்சைக் கேட்டுப் போனான் என்பது வரை அவளுக்குத் தெரியும். உட்கார்ந்தால் அது பார்த்ததாகிவிடும். நின்றால் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். மகளே ஒரு தொடரின் கதை அறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவள் உட்காரவில்லை. "எம் பொண்ணு எழுதுறாங்கிறதுக்காகக் காலை நீட்டிக்கிட்டு உட்கார முடியுமா?"

அம்மாவுக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நீளமான அறை. மேல்மாடிகளிலிருந்து அழுக்குத் துணி ஒரு தகரக் குழாய் வழியாகத் தொப்புத் தொப்பென்று வந்து விழும். அதைப் பிரிப்பது அவள் பொறுப்பு. காபிக் கறை ஒரு கூடை, உதட்டுச் சாயம் ஒரு கூடை, ரத்தம் ஒரு கூடை. விருந்தாளிகளின் முகத்தை அவள் பார்த்ததில்லை. ஆனால் விரிப்பைப் பார்த்தே, "நாலாம் மாடியில ஒருத்தர் படுக்கையிலயே சாப்பிடுறார், வீட்டுல கேட்க ஆளில்ல போல" என்பாள்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் மகள். அதுவும் இலக்கியம் படித்தாள். அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அத்தையும் மாமாவும் மாறி மாறிக் கேட்டபோது அவளிடம் பதில் இல்லை. இப்போது ஒரு வேலை இருக்கிறது, ஆனாலும் சொல்லிக்கொள்ளும்படி பதில் இல்லை. மோசடிக்காரன் ஒருவனுக்குப் பெண்களை மயக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று அத்தையிடம் எப்படிச் சொல்வது?

தொடரின் கதையே அதுதான். சில வாரங்களுக்கு ஒரு பெண் வருவாள். அவன் அவள் மனதைப் பிடிப்பான், இருப்பதைச் சுருட்டுவான், கிளம்பிவிடுவான். திரையில் அவனுக்கு ஏழெட்டுப் பெயர்கள். கதை அறையில் ஒரே பெயர், மாப்பிள்ளை. "மாப்பிள்ளை இந்த வாரம் யாரைப் பார்க்கப் போறார்?" என்றுதான் காலையில் பேச்சு தொடங்கும். அறையின் தலைவரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் கத்தரி என்பார்கள். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டுவார். அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. "மாப்பிள்ளை எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி போகக் கூடாது. ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தைக்கணும்."

அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே நிற்கும் வரவேற்பு மேசைப் பெண்ணிடம் மாப்பிள்ளை அவளுடைய சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நின்னு நின்னு கால் வலிக்குமே?" என்று மட்டும் கேட்டான். எல்லோரும் பரிதாபப்பட்டே பேசும் விதவைக் கடைக்காரியிடம் விலைக்குச் சண்டை போட்டான். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒருவன் தன்னைச் சரிசமமாக நினைத்துக் கத்துகிறானே என்று அவள் உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். காலையிலிருந்து இரவு வரை முடிவெடுத்தே சலித்துப்போன மருத்துவரிடம் எதையும் கேட்கவில்லை. எங்கே சாப்பிடுவது, எந்தப் பக்கம் நடப்பது, எல்லாவற்றையும் அவனே தீர்மானித்தான்.

அடுத்த பெண் ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள், வயது ஐம்பது. "உங்கம்மா அந்த வேலைதானேம்மா? நீயே எழுதிடு" என்று கத்தரி தூக்கிக் கொடுத்தார். மகள் எழுதப் போகும் முதல் முழுக் கதை. வேலையில் அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதும் அதைப் பொறுத்துத்தான்.

முதலில் எழுதியதில் மாப்பிள்ளை சலவைக்காரியின் உழைத்துக் காய்த்த கைகளைப் புகழ்ந்தான். கத்தரி படித்துவிட்டு, "இதுக்கு எங்க வீட்டுத் தொட்டியில இருக்கிற மீன்கூட மயங்காதேம்மா" என்றார். இரண்டாவதில் மாப்பிள்ளை நோயாளியாகப் போனான். "பரிதாபத்தைப் போன மாசமே துவைச்சுக் காயப்போட்டாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற ஒண்ணு கொண்டு வா. இல்லேன்னா நான் எழுதிக்கிறேன். நானே எழுதினா நீ எதுக்குன்னு மேல கேட்பாங்க."

அவள் எரிச்சலோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். இவளை ஏமாற்ற ஒரு வழி தெரிந்தால் போதும், வேலை மிஞ்சும்.

"அம்மா, ஒருத்தன் வந்து உங்க சிரிப்பு அழகா இருக்குன்னு சொன்னா என்ன பண்ணுவ?"

"பல் டாக்டரான்னு கேட்பேன்."

"விளையாடாதம்மா. ஒரு நல்ல புடவை வாங்கிட்டு வந்து குடுத்தா?"

"சாயம் போகுமான்னு நனைச்சுப் பார்ப்பேன்."

"இத்தனை நாளா உன்னை மாதிரி ஒருத்தியைத்தான் தேடிட்டிருந்தேன்னு சொன்னா?"

"ஒழுங்காத் தேடலைன்னு சொல்வேன். நான் எங்க ஒளிஞ்சா இருந்தேன்?"

"உன்னை யாருமே ஏமாத்தினதில்லையா?"

"உங்கப்பா இருக்காரே."

"காதுல விழுது" என்றார் அப்பா உள்ளேயிருந்து.

"விழட்டும்னுதான் சொன்னேன்."

ஒன்றும் தேறவில்லை. மறுநாள் மதியம் அவளே சலவைக்கூடத்துக்குப் போனாள். அம்மா அந்தக் கோடியில் கூடைகளுக்கு நடுவே இருந்தாள். வாசல் பக்கம், ஈர விரிப்பை உருளை இயந்திரத்துக்குள் விட்டு மறுபக்கம் மொடமொடவென்று உருவிக்கொண்டிருந்தாள் ரோலர் பெரியம்மா. உறவு ஒன்றும் இல்லை. அம்மா அவளை அக்கா என்று கூப்பிடுவதால் இவளுக்குப் பெரியம்மா.

"பெரியம்மா, எங்கம்மாவை ஏமாத்தணும்னா எப்படி ஏமாத்துறது?"

"புதுசா வேற ஏமாத்தணுமா? அதான் அந்தக் கோப்பைக்காரன் ஏமாத்திட்டுப் போனானே."

"எந்தக் கோப்பை?"

பெரியம்மா விரிப்பைப் பாதியில் பிடித்தபடி நின்றாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது முகத்தில் தெரிந்தது.

கோப்பை இன்னும் வீட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. தங்க நிறம், இரண்டு காது. மகள் ஆறாம் வகுப்பு படித்தபோது மாணவர் திறனறிப் போட்டி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். இரண்டு வாரம் கழித்துக் கட்டுரையில் முதல் பரிசு என்று கோப்பையோடு வந்து நின்றார். பரிசு பெற்ற பிள்ளைக்கென்றே ஒரு புத்தக வரிசை இருந்தது. அம்மா அதையும் வாங்கினாள். அதற்காகப் பல மாதம் இரவு வேலைக்கும் போனாள். பின்னாளில் இலக்கியம்தான் படிப்பேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றதும், எழுத்து வேலைதான் வேண்டும் என்று கதை அறைக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் கோப்பையின் தைரியத்தில்தான்.

"உங்கம்மா பெருமை தாங்காம அதை இங்க எடுத்துட்டு வந்தா" என்றாள் பெரியம்மா. "பார்த்தா எங்க வீட்டுலயும் அதே கோப்பை. எம் பையனுக்குக் கணக்குல முதல் பரிசு. தையல் பக்கம் இருந்தவ பொண்ணுக்கு ஓவியத்துல முதல் பரிசு. மிஷின்கிட்ட நின்னவ பையன் அப்ப பேசவே மாட்டான், அவனுக்குப் பேச்சுப் போட்டியில முதல் பரிசு. இந்த ஒரு ரூமுக்குள்ள நாலு முதல் பரிசு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நாலு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். பேசாத பையனுக்குப் பேச்சுப் போட்டின்னதும் யாருக்கோ சிரிப்பு வந்துது. அவ்வளவுதான், எல்லாரும் துணிக் குவியல் மேலயே விழுந்து சிரிச்சோம். மேலாளர் ஓடி வந்து யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டார். எந்திரிக்க முடியல. பிள்ளைங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு அன்னைக்கே பேசி வெச்சுக்கிட்டோம். இத்தனை வருஷம் காப்பாத்தினது, இன்னைக்கு என் வாயில போச்சு."

அவன் எப்படிப் பேசினான் என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே தான் மகளாகக் கேட்கிறோமா, மாப்பிள்ளைக்காகக் கேட்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. பெரியம்மாவின் கணவர் அப்போது குடித்துக்கொண்டிருந்தார். அங்கே போய், "இந்தப் பையன் யார் மாதிரியும் வர மாட்டான், தனியா வருவான்" என்றிருக்கிறான். அம்மாவிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. கட்டுரையை வாங்கி உரக்கப் படித்திருக்கிறான். பாதியில் நிறுத்தி, "இந்த இடம் சரியில்லை, அவசரப்பட்டுட்டா" என்று கோடு போட்டிருக்கிறான். எல்லாம் பிரமாதம் என்று சொல்லியிருந்தால் அம்மா அப்போதே வாசலைக் காட்டியிருப்பாள். நாளெல்லாம் கறை தேடுகிறவளுக்கு முன்னால் அவனும் ஒரு கறையைக் கண்டுபிடித்துக் காட்டினான். அதில்தான் அவள் விழுந்தாள்.

மூன்றாவது தடவைக்குக் கதை கையில் கிடைத்துவிட்டது. அவளுக்குக் கொஞ்சமும் சந்தோஷம் வரவில்லை.

அம்மா கூடைக்கும் சுவருக்கும் நடுவே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "உங்கக்கா சொல்லிட்டாங்க" என்றாள் மகள்.

"அவ வாய்க்கு ஒரு இஸ்திரி போடணும்."

"அன்னைக்கே தெரிஞ்சும் எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லி? கோப்பையைப் பிடுங்கி வைக்கவா? தலைமாட்டுல வெச்சுத் தூங்கிட்டிருந்த நீ."

"அதை நம்பித்தாம்மா நான் இந்த வேலைக்கே வந்தேன்."

"வந்துட்டல்ல?"

"வந்து என்ன பண்றேன்? ரெண்டு தடவை எழுதி ரெண்டும் திரும்பி வந்துடுச்சு. எனக்கு எழுத வருமா வராதான்னே தெரியல. வரும்னு சொன்ன ஒரே ஆளும் திருடன்."

குழாயிலிருந்து ஒரு மூட்டை விழுந்தது. "அதை எங்கிட்ட கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?" என்று அம்மா அதைப் பிரிக்கப் போய்விட்டாள். ஆறுதலாக ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மகளுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

அந்த ஆத்திரத்தில் உட்கார்ந்து எழுதினாள். மாப்பிள்ளை சலவைக்காரியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவள் பிள்ளையின் நோட்டை வாங்கி, ஒரு தப்பைக் கண்டுபிடிக்கிறான். பிறகு கோப்பை. பிறகு சலவைக்கூடத்தில் நாலு கோப்பைகள். பிறகு அந்தச் சிரிப்பு.

கத்தரி முதல் பாதியை நின்றுகொண்டே படித்தார். "தப்பைக் கண்டுபிடிக்கிறான் பாரு, அங்க பிடிச்சிட்ட" என்றார். அவர் அப்படிச் சொல்லி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. பிறகு பேனாவை எடுத்துக் கடைசி மூன்று பக்கத்துக்குக் குறுக்கே கோடு போட்டார்.

"இவ சிரிக்கக் கூடாது. அழணும்."

"சார், அவங்க நிஜமாவே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். "அவ சிரிச்சாத்தான் சார் அவ யாருன்னு தெரியும்."

"அவ யாருன்னு தெரிஞ்சு எனக்கு என்னம்மா ஆகணும்? பார்க்கிறவங்களுக்கு மாப்பிள்ளை மேல கோபம் வரணும். ஏமாந்தவளே சிரிச்சிட்டா கோபம் எங்கேருந்து வரும்? அவன் தோத்துட்ட மாதிரி ஆயிடும்."

கோப்பைக்காரன் தோற்றுத்தான் போனான் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் புத்தகத்தை விற்றுவிட்டுத்தானே போனான், எப்படித் தோற்றான்? அவளால் விளக்க முடியவில்லை. மூன்று வருடம் படித்த இலக்கியத்தில் இதற்கு ஒரு வாக்கியம் இருந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தாள், வாயில் எதுவும் வரவில்லை. "சரி சார்" என்றாள். மாலைக்குள் அழுகை எழுதிக் கொடுத்தாள். நன்றாகவே எழுதிவிட்டாள். அந்த வாரமே வேலை நிரந்தரமானது.

ஒளிபரப்பானபோது திரையில் சலவைக்காரி தனியாக, கோப்பையை மார்போடு அணைத்து, சுவரில் சரிந்து தேம்பினாள். பின்னணியில் புல்லாங்குழல். விளம்பரம் வந்ததும் அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"யாருடி இவ?"

"நீதாம்மா. நீங்க நாலு பேரும்தான். நான் நீங்க சிரிச்சதைத்தான் எழுதினேன், அவர் வெட்டிட்டார்."

"நாங்க என்னத்துக்கு அழப் போறோம்? அவன் ஏமாத்தினான், சரி. அவன்கிட்ட காசுதான் போச்சு. நீ எங்களை அழ வெச்சுட்டியே."

"வேலை போயிருக்கும்மா."

"தெரியுது. அதனாலதான் கத்தாம பேசறேன்."

அம்மா கையிலிருந்த துணியை உதறிக்கொண்டு உள்ளே போனாள். அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை என்று மகளுக்குத் தோன்றியது.

மறுவாரம் சலவைக்கூடத்துக்குப் போனபோது பெரியம்மா உருளையை நிறுத்தவில்லை. "வாம்மா எழுத்தாளர். எங்க அழுகையை ஊரே பார்த்துதாம். பக்கத்து வீட்டுக்காரி வந்து என் கையைப் பிடிச்சு ஆறுதல் சொல்லிட்டுப் போறா. சிரிப்பை என்ன பண்ணின?"

"அது அடுத்து வரும் பெரியம்மா. அந்தம்மா திரும்பி வருவாங்க, அப்ப நாலு பேரும் சேர்ந்து சிரிப்பாங்க. கண்டிப்பா எழுதறேன்."

சொன்ன வேகத்தில் அவளே நம்பிவிட்டாள். ஆனால் சலவைக்காரியாக நடித்த நடிகை அதற்குள் வேறொரு தொடரில் மாமியாராகப் போய்விட்டார். போனவர் திரும்பி வரமாட்டார் என்று கத்தரி ஒரே வரியில் முடித்தார். அப்படியானால் அடுத்த பெண்ணுக்காவது கொடுத்துவிடலாம் என்று விமான நிலையத்தில் பயணப்பெட்டி சோதிக்கும் பெண்ணின் கதையில் அந்தச் சிரிப்பை நுழைத்தாள். கோடு விழுந்தது. நீச்சல் பயிற்சியாளர் கதையில் நுழைத்தாள். "உனக்கு என்னம்மா, ஏமாந்தவங்களை எல்லாம் சிரிக்க வெச்சே ஆகணுமா?" என்று கத்தரி அலுத்துக்கொண்டார். மறுபடியும் கோடு.

இப்போதும் மாதம் ஒருமுறையாவது ஏதோ ஒரு சாக்கில் சலவைக்கூடத்துக்குப் போகிறாள். பெரியம்மா கோபமாகக் கேட்பதில்லை. விரிப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "எங்க சிரிப்பு என்னாச்சு?" என்று நலம் விசாரிப்பது மாதிரி கேட்கிறாள். அம்மா கூடைக்குள் குனிந்தபடியே இருக்கிறாள்.

"எழுதிட்டேதான் இருக்கேன் பெரியம்மா" என்கிறாள் மகள். அது பொய்யில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பை அவர்களுக்கு இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.