மூளை முரலுமா என்று காத்திருந்த வெள்ளிக்கிழமை

வவுனியாவில் ஒரு டொக்டரின் கிளினிக்கில் எனக்கு ஒரு மாதப் பரீட்சார்த்த வேலை. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அவர், தலையிடிக்காரருக்காகச் சின்னக் கொம்பியூட்டர் ஒன்றும் வயர்கள் தொங்கும் பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தார். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் தகடு ஒட்டினால், மூளையின் அலை தொலைக்காட்சித் திரையில் கோடாக ஓடும். கண்ணை மூடி மனம் ஆறினால் கொம்பியூட்டர் மெல்ல முரலும். அந்தச் சத்தத்தை நீட்டப் பழகுவதுதான் வைத்தியம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நோயாளிக்காவது முரலாவிட்டால் பெட்டி கொழும்புக்குப் போய்விடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பெட்டி போனால் நானும் வீட்டுக்கு.

காலையில் முகம் கழுவியதும் என் நெற்றியில் ஒட்டிப் பார்ப்பேன், அழகாக முரலும். நோயாளிகளுக்கோ கோடு தாறுமாறாகத் துள்ளியது. பற்றரி, வயர், பசை, தகட்டின் மேல் ஒட்டும் பிளாஸ்ரர், மின்விசிறி என்று பதினொரு விடயம் எழுதி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரி.

வெள்ளிக்கிழமை முரசுமோட்டையிலிருந்து வயல் செய்யும் அக்கா ஒருவர் வந்தார். கோடு துள்ளியது.

"என்ர மூளை இப்பிடியோ குதிக்குது? அப்ப வீட்டில மனுசன் சொல்லுறது சரிதான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு தகட்டை உரித்தேன். அடியில் பசையோடு வெள்ளையாக ஒரு கட்டி. திருநீறு! டொக்டரிடம் வருகிறவர்கள் எல்லாரும் அப்பிக்கொண்டுதான் வருகிறார்கள். பன்னிரண்டாவது விடயம் என் பட்டியலில் இல்லை. கதிரையிலிருந்து எழும்பினேன், இருந்தேன், திரும்பவும் எழும்பினேன்.

துடைக்கலாமா என்று கேட்டதும் அக்காவின் முகம் மாறியது. கொஞ்சம் யோசித்தார்.

"துடையும் பிள்ளை. ஆனா ஒட்டின பிறகு மேல பூசுவன்."

துடைத்தேன், ஒட்டினேன். முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து, பிளாஸ்ரருக்கு மேலே மூன்று குறி இழுத்துவிட்டுக் கண்ணை மூடினார். இரண்டு நிமிடத்தில் கொம்பியூட்டர் முரன்றது. எனக்கு மூக்கால் சிரிப்பு வெடித்தது. அவரும் சிரித்தார். சத்தம் நின்றுவிட்டது.

டொக்டர் ஓடிவந்து, ஏன் நின்றது என்று கேட்டார். அக்கா கண்ணைத் திறக்கவேயில்லை.

"இந்தப் பிள்ளையை வெளியில விடுங்கோ டொக்டர். நான் திரும்பச் செய்யிறன்."

வெளியே யன்னலடியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். முரலத் தொடங்கியது, நிற்காமல் நீண்டது. டொக்டர் வெளியே வந்தார்.

"அடுத்த மாதத்துக்கு எத்தினை பிளாஸ்ரர் வேணும் எண்டு எழுதித் தாரும்."

பேனையைப் பிடிக்கவே முடியவில்லை. அவ்வளவு சிரிப்பு.