லுபோவா கூவிய ஊர்கள்

கம்பாலா டாக்ஸி நிலையத்தில் முக்கோனோ வண்டிக்கு ஆள் கூப்பிடும் லுபோவாவின் தொண்டை இருக்கிறதே, அடேயப்பா! பதினெட்டு வருஷமாக, "நகாவா, பண்டா, கிரேகா, ப்வேயோகெரெரே, சீட்டா, முக்கோனோ!" என்று ஒரே மூச்சில் கூவி வண்டியை நிரப்பியவன் அவன்.

போன வருஷம் ஒரு நாள், கிரேகா என்றவன் அடுத்து "ந்சாங்கி!" என்றான். ந்சாங்கி இருப்பதோ நேர் எதிர்த்திசையில், மசாக்கா சாலையில். அதை நம்பி ஏறிய ஓர் அம்மாள், கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோன சேவலோடு முக்கோனோவில் போய் இறங்கினாள். மறுநாளே வந்து பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

"என் சேவல் உன்னைவிட ஒழுங்கா கூவும்டா!"

அதற்குப் பிறகும் தப்புத் தப்பாகக் கூவினான். கால் தடுமாறியது. குடிக்கிறான் என்றார்கள், செய்வினை என்றார்கள். அவனுக்கும் செய்வினை பயம்தான்.

"இன்னொரு தடவை தப்பா கூவினா உன் இடம் வேற ஆளுக்கு!" என்றார் நிலையத் தலைவர் முத்யாபா. கூவாத லுபோவா என்ன லுபோவா?

தங்கை நபோசா அவனை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். நர்ஸ் நான்கு சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். கூடை, ஆடு, பச்சை, செருப்பு. அவனுக்கு ஆடு மட்டும்தான் மிஞ்சியது. ரத்தத்தைச் சோதித்தார்கள்; எச்.ஐ.வி. இருந்தது. மறதிக்கும் தடுமாற்றத்துக்கும் அதுதான் காரணம் என்றாள் நர்ஸ்.

"அது ரத்தத்தில நோயைத் தடுக்கிற காவல் அணுக்களைத்தானே தின்னும்? என் மண்டையில அதுக்கு என்ன வேலை?"

"அந்தக் காவல் அணுவுக்குள்ளயே ஒளிஞ்சுக்கிட்டு, டிக்கெட் எடுக்காத ஆள் மாதிரி மூளைக்கும் போயிடுதுண்ணே. அங்க இருக்கிற காவல் அணுவையும் பிடிச்சுக்குது. மாத்திரையை விடாம போட்டா பலருக்குத் தெளிஞ்சிருக்கு," என்றாள் நர்ஸ்.

"அப்போ செய்வினை இல்லையா? மருந்து இருக்கா?" லுபோவா துள்ளி எழுந்து நபோசாவைக் கட்டிக்கொண்டான்.

ஆறு மாதம் ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை போட்டான்; மாதாமாதம் நர்ஸ் அதே நான்கு சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்டாள். பிறகு நிலையத்துக்கு வந்து நின்றான்.

"ஒரே தடவை. தடுக்கினா நேரா வீட்டுக்கு," என்றார் முத்யாபா. கூட்டம் சேர்ந்துவிட்டது. சீட்டா போக வந்த சேவல் அம்மாளும் இவனைக் கண்டதும் வண்டியில் ஏறாமல் நின்றாள்.

லுபோவா மூச்சை இழுத்தான். "நகாவா, பண்டா, கிரேகா, ப்வேயோகெரெரே, சீட்டா, முக்கோனோ!" மூச்சு இன்னும் மிச்சமிருந்தது. விடுவானா? "கூடை, ஆடு, பச்சை, செருப்பு!"

"செருப்பா? அது எந்த ரோட்டுலடா இருக்கு?" என்றாள் அந்த அம்மாள்.

"என் மண்டைக்குள்ளம்மா! தொலைஞ்சு போயிருந்துச்சு, கிடைச்சிருச்சு!"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முதல் ஆளாக வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.