ஒற்றைப் பூட்டைப் பிரித்த ஈஸ்வரி

ஈஸ்வரி தவறிய செய்தியை அவருடைய தம்பிதான் தொலைபேசியில் சொன்னார். பாசிர் கூடாங் சாலையில், தொழிற்சாலைப் பேருந்துகளுக்குப் பின்னால் என் கார் நின்றிருந்தது. "அக்கா காலையில ஆஸ்பத்திரியிலயே போயிட்டாங்க. நம்ம ஊரு பாலோவுக்குக் கொண்டு போறோம்," என்றார்.

ஜோகூர் பாருவில் ஒரு சிறிய அலுவலகத்தில், நானும் அவரும் பல ஆண்டுகள் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்து, இணையத்தில் வந்துபோவதைச் சோதித்து அனுப்பும் ஃபயர்வால் என்ற காவல் மென்பொருளை எழுதினோம். எங்களோடு இருந்தவர்களுக்கு எங்கள் ஃபயர்வாலை வாங்கிய ரசாயன ஆலையின் விவகாரம் மறந்திருக்காது. ஷிப்ட் மாறும்போதெல்லாம் ஆலையின் இணையம் திணறியது; வாசலில் அட்டை தட்டி உள்ளே போக வேண்டியவர்கள் வரிசையில் நின்றார்கள். இன்னும் பெரிய இயந்திரம் வைத்தோம். வேகம் மேலும் குறைந்தது. எங்கள் கருவியைக் கழற்றிவிடப் போவதாக ஆலை சொல்லிவிட்டது.

காரணத்தைக் கண்டவர் ஈஸ்வரி. நடப்பிலுள்ள ஒவ்வோர் இணைப்பையும் ஃபயர்வால் ஓர் அட்டவணையில் நினைவு வைத்திருக்கும். அந்த முழு அட்டவணைக்கும் ஒரே பூட்டு. கணினிக்குள் வேலை செய்யும் பல கோர்களில் ஒன்று அதைத் தொட்டால் மற்ற கோர்களெல்லாம் காத்துக் கிடக்கும். பெரிய இயந்திரத்தில் கோர்கள் அதிகம், அதனால் காத்திருப்பும் அதிகம்.

"வேலைக்கு ஆள் நெறைய இருக்கு லா. எல்லாரும் சும்மா நிக்கிறாங்க," என்றார்.

அட்டவணையைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பூட்டுப் போட்டார். சோதனையில் வேகம் எகிறியது. மேலாளர் ஜமால் அன்றே அதைப் பொருத்த ஆலைக்குத் தேதி கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஈஸ்வரியே அதை நிறுத்தச் சொன்னார். ஒரு கோர் படித்துக்கொண்டிருக்கும் இணைப்பை இன்னொன்று அழித்துவிடுவதை அவர் பார்த்திருந்தார்.

"எப்பவாவது ஒரு தடவைதானே? போட்டுட்டு அப்புறம் சரி பண்ணலாம்," என்றார் ஜமால்.

"அந்த ஒரு தடவையில ஃபயர்வாலே விழுந்துரும், பாஸ். மெதுவா இருந்தா நம்மள திட்டுவாங்க. விழுந்தா அவங்க வேலையே நின்னுரும். ஆலைகிட்ட நானே பேசுறேன்."

பேசினார், திட்டும் வாங்கினார். கண் சிவக்கத் திரும்பி வந்து, ஒரு தே தாரிக் தேநீர் குடித்துவிட்டு வேலையில் உட்கார்ந்தார். ஓர் இணைப்பை எந்தக் கோரும் படிக்கவில்லை என்று உறுதியான பிறகே அதை அழிக்கும்படி மாற்றினார். முணுமுணுத்துக்கொண்டே ஆலையும் பொறுத்தது.

புதியதைப் போட்ட அன்று, ஷிப்ட் மாறும் நேரத்தில் நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஆலை வாசலுக்குப் போய், மோட்டார்சைக்கிளில் வந்தவர்கள் அட்டையைத் தட்டி உள்ளே போவதைப் பார்த்தார். திரும்பி வந்து, "யாரும் நிக்கல," என்று மட்டும் சொன்னார்.

நிரலை ஈஸ்வரி வாய்விட்டுத்தான் படிப்பார், அதுவும் தமிழில். "இவன் பூட்ட எடுக்கிறான். அவன் வர்றான். இவன் ஏன் இன்னும் விடல?" மலாய், சீன நண்பர்கள் சிரிப்பார்கள். அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அவர் தவறிய பிறகு, போன வாரம் ஒரு சிக்கலில் மாட்டியபோது நானும் அப்படியே படித்துக்கொண்டிருந்தேன். அறையில் இருந்த அந்த நண்பர்கள் யாரும் சிரிக்கவில்லை.