காப்பகத்தின் ஒரே முழு டை

வில்லிபெர்ட் கூர்ட்டனுக்கு வயது அறுபத்தொன்று, உயரம் இரண்டு மீட்டர். வயதால் பெரிய தொந்தரவு இல்லை. உயரம்தான் ஆளைக் கொன்றது. கூரை வேயும் வேலை போனது, பெண்டாட்டி போனாள், வீடு போனது, அதையெல்லாம் ஒருமாதிரி சமாளித்துவிட்டார். சட்டைதான் கிடைக்கவில்லை. கொலோன் நகரத்தில் பழைய துணி தானம் செய்கிறவர்கள் அத்தனை பேரும் குட்டையாக, தொந்தியோடு இருந்து தொலைத்தார்கள்.

அவர் இரவில் படுப்பது வீடில்லாதவர்களுக்கான ம்யூல்ஹைம் காப்பகத்தில். அதன் துணி அறையை ஹில்ட்ரூட் பார்த்துக்கொண்டாள். எத்தனை மூட்டையைப் பிரித்தாலும் அவர் அளவுக்கு வந்தவை திருவிழா வேஷங்கள் மட்டுமே. பிப்ரவரிக் குளிரில் தெருவில் ஆடுகிறவர்கள் கோட்டின் மேலேயே மாட்டிக்கொள்வதற்காக வேஷத்தைத் தாராளமாகத் தைப்பார்கள். அதனால் வில்லிபெர்ட் ஒரு குளிர்காலம் முழுக்கக் கரடியாக இருந்தார். மறு குளிர்காலம் பசுமாடு. மாடுதான் வசதி என்பது அவர் கட்சி. மடியில் புகையிலை வைக்கலாம். போலீஸ்காரர்களும் மாட்டிடம் அடையாள அட்டை கேட்கக் கூச்சப்படுவார்கள்.

அந்த மாட்டுக்குத்தான் ஒரு அறை கிடைக்கப் பார்த்தது. நிப்பெஸ் பகுதியில் கறிக்கடை வைத்திருக்கும் சுண்டோர்ஃப் அம்மா, கடைக்கு மேலே ஒரு அறையை வாடகைக்கு விடுகிறாள். வாடகையை நகராட்சி கட்டிவிடும், ஆளை அந்த அம்மாவுக்குப் பிடிக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் அவருக்கு வந்த முதல் வாய்ப்பு இது. நேரில் வந்து பார்க்கச் சொன்ன நாளோ பெண்கள் திருவிழா வியாழக்கிழமை. அன்றைக்குத்தான் அவள் கடை மூடியிருக்குமாம்.

"வியாழக்கிழமையா!" ஹில்ட்ரூட் தலையில் கைவைத்தாள். "பையா, அன்னிக்கு ஊர்ல எந்த ஆம்பளை டை கட்டிக்கிட்டு வெளிய போவான்?"

அந்த ஊரில் தொண்ணூறு வயதுக்காரனும் பையன்தான். அந்த வியாழக்கிழமை பெண்கள் எல்லாரும் கத்தரிக்கோலோடு கிளம்புவார்கள். டை கட்டிய கழுத்து கண்ணில் பட்டால் கச்சக். நஷ்ட ஈடாகக் கன்னத்தில் ஒரு முத்தம். வெட்டிய கீழ்ப்பாதி அவர்களுக்கு வெற்றிக்கோப்பை. ஆண்களுக்குக் கழுத்தில் ஒரு முடிச்சும் விரல் நீளத் துண்டும் மிஞ்சும். அதை எறியவும் மனசு வராது, கட்டவும் முடியாது. காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டால் புண்ணியம். துணி அறையில் மேல்பாதிகள் மட்டும் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன.

"எந்த ஏழைக்குப் பாதி நெஞ்சு இருக்குன்னு நினைச்சுக் குடுக்குறாங்களோ!" என்று ஒவ்வொரு வருஷமும் அவள் கத்துவாள்.

ஆனால் மாட்டு வேஷத்தில் போய் வீடு கேட்க முடியாது. எங்கிருந்தோ ஒரு நீளமான கறுப்புக் கோட்டு சூட்டைப் பிடித்து, கால்மடிப்பைப் பிரித்துவிட்டாள். கை மட்டும் ஒரு சாண் குட்டை. பிறகு பீரோவைத் திறந்து, காப்பகத்தின் ஒரே முழு டையை எடுத்தாள். நீலக் கோடு போட்டது.

"முழுசாத் திரும்பி வரணும். நாளைக்கு லுட்கர் கட்டணும்."

லுட்கர் பக்கத்துக் கட்டில்காரன். வெள்ளிக்கிழமை அவனுக்குக் கோர்ட்டு, மகளைப் பார்க்க அனுமதி கேட்டு. "நீ மட்டும் அரையாக் கொண்டு வா, உன் மாட்டு வாலை அறுத்துக் கட்டிக்குவேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். டையிலிருந்து மட்டும் கண்ணை எடுக்கவில்லை.

டிராமில் தேனீ வேஷம் போட்ட பெண்கள் ஏழெட்டுப் பேர் கத்தரிக்கோலோடு ஏறினார்கள். வில்லிபெர்ட் டையைச் சட்டைக்குள் திணித்தார்.

"ஏய், ஒளிக்கிறான்டி! இந்தப் பேங்க்காரன் வேஷத்தைப் பாரேன்!"

"விடுங்க கண்ணுங்களா, இது இரவல்."

"முத்தமும் இரவல்தான், வா!"

அடுத்த நிறுத்தத்தில் குதித்துவிட்டார். மீதி வழி நடைதான். கன்னியாஸ்திரீகள் வந்தால் சந்தில் நுழைந்தார். கடற்கொள்ளைக்காரிகள் வந்தால் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் குனிந்தார். இரண்டு மீட்டர் ஆள் குனிந்தால் எவ்வளவு மறையும்? ஆனாலும் டை பிழைத்தது. கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு மாரடைப்பு வந்தவர்போல் போனதால் எல்லாரும் ஒதுங்கிவிட்டார்கள்.

கதவைத் திறந்தது ஒரு கோழி. மஞ்சள் அலகு, சிவப்புக் கொண்டை, இடுப்பில் கத்தரிக்கோல். சுண்டோர்ஃப் அம்மாதான்.

அறையில் ஏற்கெனவே ஒரு ஜோடி நின்றது. கிழிந்த கோட்டு, கரி பூசிய முகம், மையால் வரைந்த தாடி, பிளாஸ்டிக் பைகள். கழுத்தில் 'பசி' என்று எழுதிய அட்டை வேறு. இளம் பல் டாக்டரும் அவன் காதலியும். அவர்களும் அறை கேட்டுத்தான் வந்திருந்தார்கள்.

"அச்சு அசலா இருக்குல்ல?" என்றது கோழி பெருமையோடு.

வில்லிபெர்ட் சுற்றிவந்து பார்த்தார். "கோட்டு பரவாயில்ல. அட்டைதான் சரியில்ல. இவ்வளவு அழகான கையெழுத்துக்கு எவனும் காசு போடமாட்டான். அப்புறம் தம்பி, ரெண்டு ஷூவும் ஒரே ஜோடியா இருக்கே."

"விவரமா பேசுறீங்களே. உங்களுக்கு என்ன வேஷம்?" என்றது கோழி.

அவர் குட்டையான கோட்டுக் கையைக் கீழே இழுத்துவிட்டார். "வீடு உள்ளவன் வேஷம்."

கோழி சிரித்த சிரிப்பில் இறகு பறந்தது. "பிரமாதம்! எங்க தைச்சீங்க?"

"ம்யூல்ஹைம் காப்பகத்துல. நான் அங்கதான் படுக்குறேன்."

சிரிப்பு நடுவழியில் நின்றது. பல் டாக்டர் அட்டையை மெதுவாகத் திருப்பிப் பிடித்தான். காதலி அவன் தாடியைத் தன் கைக்குட்டையால் அழிக்கத் தொடங்கினாள். அது அழியாமல் முகம் முழுக்கப் பரவியது.

சுண்டோர்ஃப் அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாத நேரத்தில் கொலோன்காரி செய்வதையே செய்தாள். கத்தரிக்கோலை உருவினாள். வில்லிபெர்ட் பின்வாங்கி நெஞ்சைப் பொத்தினார்.

"என் வீட்டுல டையைக் காப்பாத்திக்கிட்டுப் போன ஆம்பளை இல்ல. முத்தம் வேணாங்கிறவனுக்கு அறை கிடையாது."

"வேணும்தான். ரெண்டுமே வேணும்." அவர் டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "ஆனா டை என்னோடது இல்ல. நாளைக்கு ஒருத்தன் இதைக் கட்டிக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போய்தான் மகளைப் பாக்க அனுமதி கேக்கணும். அங்க வேற முழு டை இல்ல. ஊர்க்காரங்க பாதி பாதியாத்தான் தானம் பண்றாங்க."

கோழி அலகைக் கழற்றியது. உள்ளே ஐம்பது வயது முகம், வியர்வை.

"பாதின்னா? மேல்பாதியா?"

"சாக்கு நிறைய."

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அறைச் சுவர் முழுக்க ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு டையின் கீழ்ப்பாதி. கல்யாணமான வருஷத்திலிருந்து அவள் வெட்டியவை.

"தம்பி, கண்ணு, நீங்க ரெண்டு பேரும் வேற இடம் பாத்துக்கங்க" என்றாள் ஜோடியிடம். "அடுத்தவன் டைக்கு இந்தப் பாடுபடுறவன் என் சுவத்துக்கும் பாடுபடுவான்." பிறகு வில்லிபெர்ட்டிடம்: "அறை உங்களுக்கு. சுவத்துல இருக்கறதெல்லாம் உங்க காப்பகத்துக்கு, மேல்பாதியோட சேத்துத் தைச்சுக்கட்டும். இப்ப குனியுங்க."

"ஏன்?"

கச்சக். நீலக் கோடு தரையில் விழுந்தது. "வழக்கத்தை விட முடியாது, பையா." கன்னத்தில் முத்தம். பசையும் இறகும் ஒட்டிக்கொண்டன. யாரும் தொட்டு எத்தனை காலம் ஆகியிருந்ததோ, வில்லிபெர்ட் அப்படியே குனிந்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பல் டாக்டரே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

அன்று மாலை ஹில்ட்ரூட் அவரை மாடு, கழுதை என்று திட்டிக்கொண்டே தைத்தாள். நீலக் கோடு போட்ட கீழ்ப்பாதி, அவர் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த எந்த மூட்டையில் கலந்துபோனதோ, ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்ததை ஒட்டுப்போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை லுட்கர் கோர்ட்டில் எழுந்து நின்றபோது மேலே நீலக் கோடு, கீழே மஞ்சள் வாத்துக்கள். நீதிபதி வாத்துக்களை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கழுத்திலும் வெள்ளை டை பாதிதான் இருந்தது. குமாஸ்தாப் பெண்கள் நேற்றே முடித்துவிட்டார்கள்.

"நல்லா தைச்சிருக்கு. எங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு லுட்கர் மகளைப் பார்க்கலாம் என்று தீர்ப்பானது.

வில்லிபெர்ட் சனிக்கிழமை குடிபோனார். சுவரில் ஆணிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. கொண்டுவந்த ஒரே சொத்தை அவற்றில் மாட்டினார். மாடு பெரிசு, நான்கு ஆணி தேவைப்பட்டது.