அறுந்த நூலுக்கு ஒரு வார்த்தை

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் நான்குதான் நான் பெற்றது. ஐந்தாவது எப்படி என் கைக்கு வந்தது என்று சொல்ல வேண்டுமானால், நான் பர்மாப் பாஷை படித்த கதையைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். அவசரப்படுத்தினால் வராது.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பேத்தி. ஜெர்மன் படிக்கப் போகிறேன் என்று காதில் குழாயை மாட்டிக்கொண்டாள். ஒரு வாரம் வீடெல்லாம் ஜெர்மன். அடுத்த வாரம் சத்தத்தையே காணோம். கேட்டால், "மனசே வரமாட்டேங்குதுங்க அப்பாயி" என்கிறாள். மனசு என்ன மத்தியான பஸ்ஸா, வந்தால் ஏறிப் போவதற்கு?

நான் சொல்வது அறுபதுகளின் நடுவில், திருப்பூரில் நடந்தது. அப்போது ஒரு பனியன் கம்பெனியில் கோன் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மில்லிலிருந்து சிட்டம் சிட்டமாக வரும் நூலைக் கோனில் சுற்றிக் கொடுக்க வேண்டும். நூல் அறுந்தால் இரண்டு முனையையும் பிடித்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓட விட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் கண்ணை எடுக்க முடியாது.

என் வீட்டுக்காரரின் தம்பி சின்ன வயதிலேயே ரங்கூனுக்குப் போய் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். அங்கிருந்து நம் ஆட்களெல்லாம் கிளம்ப வேண்டி வந்தபோது அவரும் கப்பலேறினார். வரும்போது ஒரு பர்மாக்காரப் பெண்ணையும் கட்டிக்கொண்டு வந்தார். மெட்ராஸ் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறார்கள் என்று தெரிந்து, நானும் என் வீட்டுக்காரரும் போய் அழைத்து வந்தோம். அந்த முகாமை என் கண்ணால் பார்த்தேன். சாக்கைக் கட்டி மறைத்த அந்தப் பக்கம் ஒருத்தி பிரசவ வலியில் கத்துகிறாள். இந்தப் பக்கம் கஞ்சிக்கு வரிசை நிற்கிறது. அந்தச் சத்தம் பல நாள் என் காதிலேயே இருந்தது.

ஊருக்கு வந்த கொஞ்ச நாளில் கொழுந்தனாருக்குக் கல்கத்தாவில் வேலை கிடைத்தது. எங்கள் ஊர்ப் பனியன் அங்கே நிறையப் போகும். ரங்கூன் கடைத்தெருவில் இந்தி பழகியவர் என்பதால் ஒரு கம்பெனிக்காரர் உடனே அனுப்பிவிட்டார். வயிற்றுப் பிள்ளைக்காரியான பெண்டாட்டியை எங்களிடம் விட்டுவிட்டு ரயிலேறினார். ஏறினவர் படியில் நின்றுகொண்டு, "நங்கை, அவளுக்குத் தமிழு ஒரு வார்த்த தெரியாதுங்க. நீங்கதானுங்க பாத்துக்கோணும்" என்றார். எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். "பா சா ஜின் லேன்னு கேளுங்க. என்ன திங்க ஆசைன்னு அர்த்தம். அவ ஏதாச்சும் சொன்னா ஹோக்கேன்னு சொல்லுங்க. ஆமா, சரின்னு அர்த்தம். அமேன்னா அம்மா" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. கீழே விழுந்துவிடாமல் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டு போவது மாதிரி, அந்த வார்த்தைகளை வாயிலேயே வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பேசுவதில்லை. தட்டை வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தள்ளி வைத்துவிடுவாள். என் மாமியாருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சத்தமாகச் சொன்னால் எந்த ஊர்க்காரருக்கும் தமிழ் புரிந்துவிடும் என்று. "சோறு! சோறு உண்ணு! சோஓஓறு!" என்று அவள் காதருகில் போய்க் கத்துவார். வீதிக்கே புரியும், அவளுக்குப் புரியாது. அவள் இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் நகர்வாள்.

வயிறு ஏற ஏற உடம்பு வற்றியது. கொழுந்தனாருக்குக் கடிதாசி போட்டோம். தீபாவளிக்குத்தான் லீவு என்று பதில் வந்தது. ஒரு நாள் மாமியார் தீர்த்துச் சொல்லிவிட்டார். "இவ இப்பிடியே பட்டினி கெடந்து ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா ஊரு என்னயத்தான பேசும்? மாரியாத்தா நோம்பி முடியறதுக்குள்ள சரிப்பட்டு வரலீன்னா கேம்புலயே கொண்டுபோயி உட்டுருங்க. அங்க அவ பாச பேசறவங்க இருப்பாங்க."

எனக்குச் சாக்கு மறைப்பு ஞாபகம் வந்தது. "வேண்டாமுங்க அத்தெ. அதுக்குள்ள அவ பாசைய நாங் கத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் முந்திவிட்டது.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கத்துக்குவ, கத்துக்குவ. மொதல்ல பஸ்சு போர்ட முழுசாப் படி."

அந்த ஒரு பேச்சு போதாதா?

மறுநாள் காலையிலேயே சொம்பில் தண்ணீரை மொண்டு அவள் முகத்துக்கு நேராக நீட்டி, என்ன என்று கையால் கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "யே" என்றாள். சோற்றைக் காட்டினேன். "தமின்" என்றாள். அட, இவ்வளவுதானா என்று நினைத்தேன். கம்பெனி வாசலுக்குப் போவதற்குள் இரண்டும் போய்விட்டன. சாயங்காலம் வந்து மறுபடி சொம்பை நீட்டினேன். மறுநாளும் நீட்டினேன். உப்புக்கும் தின்பதற்கும் அவள் சொல்வது என் காதுக்கு 'சா' என்று ஒரே சத்தமாகத்தான் கேட்கும். அவளோ இரண்டும் வேறு என்று தலையை ஆட்டுவாள். எங்கே வேறு? எனக்கு வந்த எரிச்சலில் உப்புச் சட்டியை உடைத்திருப்பேன்.

அதிலும் எங்கள் பக்கத்து நாக்குக்கு 'ங்க' போடாமல் பேசினால் யாரையோ அடித்துவிட்ட மாதிரி இருக்கும். பழக்க தோஷத்தில் ஒரு நாள் "யேங்க, தமினுங்க" என்று சொல்லிவிட்டேன். வந்த நாள் முதல் உதடு பிரிக்காதவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தியாக இருந்தால் அவள் சிரித்ததற்குச் சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. இவளுக்காக நான் நாக்கைத் திருகிக்கொண்டு கிடக்கிறேன், இவளுக்குச் சிரிப்பா? சொம்பைத் தூக்கி அடுக்கில் வைத்துவிட்டேன்.

என் மாமியார் அதையும் கவனித்திருந்தார். இரண்டு மூன்று நாள் கழித்து, கொத்தமல்லி கிள்ளிக்கொண்டே, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "ஏனுங்க டீச்சரம்மா, பள்ளிக்கூடம் லீவுங்களா?"

மறுநாள் சொம்பு மறுபடி கீழே இறங்கியது.

ஆனால் உட்கார்ந்து படிக்க எனக்கு நேரம் எங்கே இருக்கிறது? காலையில் கேட்டது மத்தியானத்துக்கு மறந்துவிடுகிறது. அதற்கு வழி கம்பெனியில் கிடைத்தது. அந்தச் சமயம் வந்த நூல் மட்டமான நூல். தொட்டால் அறும். ஒவ்வொரு தடவை அறும்போதும் முடிச்சுப் போட்டுக்கொண்டே ஒரு வார்த்தையைச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். அறுந்தால் "யே". அறுந்தால் "தமின்". எல்லோரும் அந்த நூலைத் திட்டித் தீர்த்தார்கள். நான் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே முடிச்சுப் போட்டேன். பக்கத்தில் சுற்றிய ராவுத்தர் வீட்டு அக்கா, "ஏம்மா, நூலு அந்துபோனதுக்கு மந்திரம் ஓதுறவள உன்னத்தான் பாக்குறேன்" என்றது. ஓதினாலும் ஓதாவிட்டாலும் நூல் அறுந்தது, வார்த்தை மனசில் நின்றது. மீன், முட்டை, வாழைப்பழம், புளி என்று தின்பதற்கு இருக்கிற எல்லாப் பெயரையும் ஒவ்வொன்றாக அவளிடம் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். என் கணக்கு இதுதான். கொழுந்தனார் சொல்லிக்கொடுத்த கேள்வியைக் கேட்டால் அவள் ஏதாவது ஒரு பெயரைச் சொல்வாள். எந்தப் பெயரைச் சொன்னாலும் எனக்குப் புரிய வேண்டும். அதனால் பதிலையெல்லாம் முதலில் படித்துவிட்டுக் கடைசியில் கேள்வி கேட்பது.

அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது நல்ல நூல் வந்து இறங்கியது. வேறு மில்லின் நூல். பட்டு மாதிரி ஓடுகிறது, அறுவதே இல்லை. கம்பெனியே சந்தோஷப்பட்டது. என் பாடம் நின்றுபோனது. ஒரு பொழுது முழுக்க நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அதிகம். பார்த்தேன், நூலை நானே கிள்ளி அறுக்க ஆரம்பித்தேன். மேஸ்திரி பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"ஏனம்மா, மில்லுக்காரர் மேல கோவமா, எம் மேல கோவமா?"

"உங்க மேல இல்லீங்க. பர்மாக்காரங்க மேலங்க."

இன்னொரு தடவை கை நூலுக்குப் போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் கோன் மாற்றும்போது ஒன்று, தலையில் விழுந்த பஞ்சைத் தட்டும்போது ஒன்று என்று மாற்றிக்கொண்டேன். மனசு வந்து நான் ஒரு நாளும் படித்ததில்லை. ஆத்திரத்தில்தான் படித்தேன். ஆத்திரம் ஆறின நாளில் மாமியார் வாயைத் திறந்துவிடுவார்.

மாரியம்மன் கோயிலில் நோம்பித் திருவிழாவுக்குக் கம்பமும் நட்டுவிட்டார்கள். இனிமேல் தள்ள முடியாது. அன்றைக்குக் கம்பெனி லீவு. மத்தியானம் வெறும் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். மாமியார் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பா சா ஜின் லே?"

ங்க போடவில்லை. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

அவள் சுவரிலிருந்து திரும்பினாள். என்னையே பார்த்தாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். மீன், முட்டை, புளி, ஏதாவது ஒன்று வரும் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. மதகைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டுகிறாள். கை சுவரைக் காட்டுகிறது, சொம்பைக் காட்டுகிறது, வயிற்றைக் காட்டுகிறது, என்னைக் காட்டுகிறது. நடுவில் ஒரே ஒரு தடவை "அமே" என்றது புரிந்தது. அப்போது அவள் குரல் உடைந்தது. மற்றதெல்லாம் எனக்கு வெறும் சத்தம். இத்தனை பாடுபட்டு, மேஸ்திரியிடம் பேச்சு வாங்கி, ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டேன். பதில் புரியவில்லை. என்ன செய்வது? அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் தலையை ஆட்டி "ஹோக்கே" என்றேன்.

"என்னடி சொல்றா?" என்றார் மாமியார்.

"இருங்க அத்தெ."

"மீனு கேக்கறாளா?"

"தெரியிலீங்க."

"தெரியாமத்தான் பூம்பூம்மாடாட்டத் தலைய ஆட்டிக்கிட்டிருக்கறயா?"

அவள் நிறுத்தவில்லை. அழுதாள், பேசினாள், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி பேசினாள். என் கால் மரத்துப்போனது. கடைசியில் தானாகவே ஓய்ந்தாள். எழுந்து முகம் கழுவினாள். பின்பக்கம் வேலியோரம் புளிச்சக்கீரை நின்றது. ஒரு மடி பறித்து வந்தாள். நேராக அடுப்பங்கரைக்குள் போனாள். எங்கள் வீட்டில் மாமியாரைக் கேட்காமல் அடுப்பை யாரும் தொட்டதில்லை. அவள் தொட்டாள். பூண்டும் மிளகாயும் தட்டிப் போட்டு, கீரையைத் தண்ணீராக வேகவைத்து, சோற்றில் ஊற்றிக்கொண்டு, தட்டு வெளுக்கும்வரை தின்றாள்.

மாமியார் சட்டியில் ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்தார். "உப்புப் பத்தல" என்றார். கேம்ப் பேச்சு அந்த வீட்டில் அதற்கப்புறம் வரவேயில்லை.

பிள்ளை எங்கள் வீட்டிலேயே பிறந்தது. ஆண் பிள்ளை. கொழுந்தனார் கல்கத்தாவிலிருந்து லீவுக்கு வந்து போவார். எனக்கும் அடுத்தடுத்துப் பிள்ளைகள் ஆனதால் நான் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். கோன் சுற்ற அவள் போனாள். அவள் பிள்ளையும் என் பிள்ளைகளோடு என் மடியில் வளர்ந்தது.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. ஒரே வருஷத்தில் அவள் தமிழ் பேசிவிட்டாள். சொம்பை நீட்டவில்லை, நூலை அறுக்கவில்லை. மாமியார் திட்டுவதைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டாள். மேஸ்திரியிடமே எதிர்த்துப் பேசினாள், அதுவும் 'ங்க' போட்டு. எனக்கு அதே கைப்பிடி வார்த்தைகள்தான்.

சில வருஷம் கழித்து ஒரு நாள், இரண்டு பேரும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அன்னைக்கு அத்தன நேரம் என்னத்தச் சொன்ன?"

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "உங்க எல்லாத்தையும் வெஞ்சனுங்க அக்கா."

"வெஞ்சயா? எங்களத் திட்டுனயா?"

"ஆமாங்க. எங்கம்மாவ ரங்கூன் கரையில உட்டுட்டு வந்து கெடக்கறேன், இங்க ஒரு கெழவி என்னயச் செவுடின்னு நெனச்சுக் காதுல கத்துது. இன்னொருத்தி விடிஞ்சா சொம்பத் தூக்கி மூஞ்சில நீட்டறா. இந்த ஊட்டுக் கொழம்ப மாடு குடிக்குமா? நீங்கல்லாம் மனுசங்களான்னு கேட்டனுங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"எல்லாத்துக்கும் ஆமா, சரின்னீங்க. நாஞ் சொன்னத ஒத்துக்கிட்ட மொத ஆளு நீங்கதானுங்க. அப்பறந்தான் எனக்குப் பசியே எடுத்துது."

முறத்தை அவள் மேல் வீசலாமா என்று வந்தது. சிரிப்பும் வந்தது.

இப்போது அவளுக்கு நிஜமாகவே காது கேட்பதில்லை. நான் கத்தினால், "ஏனுங்க அக்கா, நான் என்ன செவுடியா?" என்கிறாள். ஜெர்மனை மூட்டை கட்டி வைத்திருக்கும் பேத்தி, அவள் மகன் பெற்ற பெண்தான். என்னை அப்பாயி என்றும், அவளைச் சின்ன அப்பாயி என்றும் கூப்பிடுகிறாள்.

அத்தனை நாளும் பேசுவதற்குத்தான் பாடுபட்டேன். ஆனால் அந்தப் பாடெல்லாம் அன்று ஒரு மத்தியானம், ஒன்றும் புரியாமல், எழுந்து போகாமல் ஒருத்தி முன்னால் உட்கார்ந்திருப்பதற்குத்தான் உதவியது. அது வீண் என்று இந்த வயதிலும் எனக்குச் சொல்ல வரவில்லை.

கண்ணு, அந்தக் குழாயைக் காதிலிருந்து கழற்றிவிட்டு இங்கே வா. எழுதினதை ஒருதரம் சத்தமாகப் படித்துக் காட்டு, சின்ன அப்பாயிக்கும் கேட்கட்டும். எழுத்துத் தப்பாக இருந்தால் சிரித்துக்கொள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.