தொகுஜியின் தொண்டைப்புண்

தொகுஜிக்கு அலுத்துப் போயிருந்தது. இருபத்தாறு வருஷமாக ஊமைப் படங்களுக்கு வாய் கொடுத்தவர். திரைக்குப் பக்கத்தில் நின்று திருடன், தாய், குழந்தை எல்லோருக்கும் அவரே பேசுவார். ஓசாகாவுக்குத் தெற்கே அந்த நூலாலை ஊரில் 'பென்ஷி' என்றால் அவர்தான். இப்போது பேசும் படம் வருகிறதாம். வரட்டும், சனியன்! அதுவரைக்குமாவது பிழைப்பு ஓட வேண்டும். அதற்குப் போலீஸ் கொடுத்த உரிமச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

அந்த வாரம் ஓடியது ஆலைப் பெண்களின் வேலைநிறுத்தப் படம். தணிக்கையில் கண்டபடி வெட்டியிருந்தார்கள். கதாநாயகி ஆலை வாசலில் கையை உயர்த்துகிறாள். அடுத்த நொடி முதலாளி வீட்டுப் பாயில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் விழுந்த ஓட்டையை அடைக்க, போலீஸ் முத்திரை போட்ட தாளில் ஒரு வரி: "தவறை உணர்ந்து மன்னிப்புக் கேட்டாள்." ஆறு நாளாக அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கே குமட்டியது. பின்னால் உயரமான நாற்காலியில் காவலர் குவாபாரா அதே தாளின் நகலை விரல் வைத்துப் படித்துக்கொண்டே வருவார்.

ஏழாம் நாள் ஆலை விடுமுறை. பகல் காட்சிக்கு முன்னால், கொட்டகை வாசலில் காய்ந்த கணவாய் மீனை மென்றுகொண்டிருந்த நாமி என்ற நூற்புக்காரி அவரை வழிமறித்தாள். போன மாதம் அவர்கள் ஆலையிலும் வேலைநிறுத்தம் நடந்து, பதினோரு பெண்களை வேலையைவிட்டுத் துரத்தியிருந்தார்கள்.

"வாத்தியாரே, இன்னிக்கும் அவ மன்னிப்பு கேப்பாளா?"

"தாள்ல அப்படித்தான் இருக்கு. ஆளை விடும்மா."

"துரத்தின பதினோரு பேர்ல ஒருத்திகூட கேக்கலியே! உங்க வாய்க்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?"

அவருக்குச் சுருக்கென்றது.

படம் அந்த இடத்துக்கு வந்தது. கை உயர்ந்தது. தொகுஜி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். துணிச்சலெல்லாம் இல்லை. அந்த வரியை இன்னொரு தரம் சொல்ல உடம்பில் தெம்பில்லை, அவ்வளவுதான். பாயில் இருந்தவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். இருட்டிலிருந்து நாமியின் குரல் வந்தது: "கேக்க மாட்டேன்!" பிறகு நூறு பெண்கள் அதையே கத்தினார்கள்.

"பென்ஷி, எச்சரிக்கை!" என்று குவாபாரா எழுந்து கூவினார்.

"நான் ஒண்ணும் பேசலியே, ஐயா."

அதுதான் வம்பாகிப் போனது. காவல் நிலையப் படிவத்தில் 'பேசிய குற்றச் சொற்கள்' என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் மேலே அனுப்ப முடியாது. குவாபாரா பேனாவைக் கடித்தார்.

"ஏதாச்சும் ஒரு வார்த்தை சொல்லித் தொலையுமய்யா, எழுதிக்கிறேன்."

"பேசியிருந்தாத்தானே சொல்றதுக்கு?"

குவாபாரா அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு படிவம் எடுத்தார். 'தொண்டைப்புண். பேசத் தகுதியில்லை' என்று எழுதி, உரிமச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார். இருபத்தாறு வருஷத் தொண்டை! வாதாடக்கூட தொகுஜிக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள், காவல்காரன் வேலை கேட்டு ஆலை வாசலுக்கே போய் நின்றார். வேலை முடிந்து வந்த நாமி அவரைப் பார்த்ததும் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்.

"வாத்தியாரே, அன்னிக்கு ரொம்ப நல்லாப் பேசினீங்க."

"எங்கம்மா பேசினேன்? தொண்டைப்புண்ணு. போலீஸே எழுதியிருக்கு," என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு நிஜமாகவே தொண்டை அடைத்துக்கொண்டது.