இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு குதிரை

அம்மா மயிலம்மாள் போன மாதம் இறந்தார். சாமிமேடையில் அவர் வைத்திருந்த படத்தை இன்று கழற்றினேன். அவருக்கு அது முனியாண்டி. நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்த எனக்கு அது செப்புத்தகட்டில் கோடு கீறி அச்சிட்ட ஐரோப்பியப் படம். குதிரை பழக்கும் பழைய நூலொன்றின் ஏடு. இரு கம்பங்களுக்கு நடுவே கட்டிய குதிரை முன்கால்களைத் தூக்கி நிற்கிறது. மேலே தொப்பி அணிந்த வெள்ளைக்காரன். அவன் நெற்றியில் குங்குமம்.

மலாயாவில் பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டம். அப்பா அர்ச்சுனன் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குதிரைக்காரர். அம்மா அதற்குப் புல் அறுத்தவர். பங்களா வராந்தாவில் இத்தகைய படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. சப்பான்காரன் வந்ததும் துரை ஓடிவிட்டார். குதிரையும் படங்களும் தங்கிவிட்டன.

பங்களாவில் குடியேறிய சப்பானிய அதிகாரியைக் குதிரை ஏறவிடவில்லை. பழக்காவிட்டால் அடுத்த லோரியில் சயாமுக்கு, ரயில் பாதை போட, என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். போனவர் எவரும் அதுவரை திரும்பவில்லை. அப்பாவுக்குத் தேய்க்கவும் தீனி வைக்கவும்தான் தெரியும். பழக்கியதெல்லாம் துரை.

“படத்துல இருக்குற மாதிரி கட்டிப் பாருங்களேன்.”

“ஆமா, புல்லறுக்குறவ எனக்கு வாத்தியாரு.”

“இந்த வாய சயாம்ல போயி யாருகிட்ட காட்டுவீங்க?”

இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே கட்டினார்கள். அப்பா ஏறி உட்கார்ந்தார். அம்மா புல்கட்டை உயர்த்திக் காட்டினார். சில நாளில் குதிரை படத்தில் உள்ளதுபோலவே முன்கால்களைத் தூக்கியது. பழகிவிட்டது என்று இருவரும் மகிழ்ந்தார்கள். அதிகாரிக்கு வேண்டியது அடங்கி நடக்கும் குதிரை. அது அவர்களுக்குத் தோன்றவேயில்லை.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் சனம் கூடி நிற்க, இடுப்பில் வாளுடன் அதிகாரி ஏறினார். குதிரை நின்றது. அவர் பெருமையாகக் கையை உயர்த்தினார். புல்லென்று நினைத்த குதிரை முன்கால்களைத் தூக்கியது. அதிகாரி பிடரியைக் கட்டிக்கொண்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்பனே, முனியாண்டி!”

அம்மாதான். கைகள் தலைக்கு மேல் குவிந்திருந்தன. வாள், குதிரை, தூக்கிய கால்: சனத்துக்கு அது போதும். எல்லாரும் கும்பிட்டார்கள். குதிரை காலை இறக்கியது. கும்பிடு தமக்கென்று எண்ணிய அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து ஏதோ சொன்னார்.

“தெனம் இதே மாதிரி தூக்கணுமாம்லா,” என்றார் சப்பான் பேச்சு கொஞ்சம் கற்றிருந்த கிராணி, தோட்டத்துக் கணக்கர்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டாராம்: “நீ சாமியக் கும்புட்டியா, சப்பான்காரனையா?”

“குதிரையத்தான்.”

அப்பா சயாம் போகவில்லை. அடுத்த ஆண்டு நான் பிறந்தேன். சப்பான்காரன் போனபின் அம்மா பங்களாவிலிருந்து எடுத்துவந்தது இந்த ஒரு படத்தைத்தான்.

குங்குமம் பழைய தாளை அரிக்கும். துடைக்கத் துணி எடுத்தேன். துடைக்க மனம் வரவில்லை. அப்படியே மாட்டிவிட்டேன்.